ஆவியில் வரும் சந்தன எண்ணெய்

காவலூர் என்றதும் வானாய்வுக்கூடம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையின் இன்னொரு பெருமை சந்தனம். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. சந்தனக் கட்டையிலிருந்து எண்ணெய் எப்படி எடுக்கிறார்கள்? செக்கில் ஆட்டியா? இல்லை. வேர்க்கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய், ஆட்டினால் வந்துவிடும். சந்தனத்தில் 100 பங்கில் சில பங்குதான். அதுவும் மேல்பக்கத்து வெள்ளையில் கிடையாது. நடுவில் இருக்கும் வைரத்திலும் வேரிலும்தான். ஆகவே பிழிவதில்லை, ஆவியில் எடுக்கிறார்கள். கட்டையைத் தூளாக்கிக் கலத்தில் கொட்டி, நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி தூளுக்குள் புகுந்து எண்ணெயையும் கூட்டிக்கொண்டு கிளம்பும். குளிர்ந்த குழாயைத் தொட்டதும், சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல, இரண்டும் துளித்துளியாக இறங்கும். எண்ணெய் மேலே மிதக்கும். இறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சந்தன எண்ணெய் தனியே கொதிக்க மிகுந்த சூடு வேண்டுமே, வெறும் நீராவிக்கு மசியுமா என்று கேட்கலாம். மசியும். நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காதவை. அவை சேர்ந்து சூடேறினால், நீர் கொதிக்கும் சூட்டிலேயே எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்; அதனால் 2, 3 நாள்கூட ஆகும். அப்படியானால் எல்லா வாசனைக்கும் ஆவிதானா? அதுவும் இல்லை. நீலகிரித் தைலத்துக்கு ஆவி சரி. மல்லிகைக்குச் சூடு ஆகாது, கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தாலே போதும். சந்தனமோ பிழிந்தால் வராது, ஆவியில்தான் வரும், அதுவும் மெதுவாக. மலிவு விலையில் சுத்தமான சந்தன எண்ணெய் என்று யாராவது நீட்டினால், ஒரு தடவை யோசித்து வாங்குங்கள்.