ஓய்வுக்குப் பின் எந்த ஊர்?
(நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

போன கூட்டத்தில் நம் பி பிளாக் நண்பர் என்னைக் கேட்டார்: "ரிட்டயர் ஆகிட்டீங்க சார், சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்கே போயிடலாமே? சென்னையில எதுக்கு மெயின்டனன்ஸ் கட்டிக்கிட்டு?" சிரித்துச் சமாளித்துவிட்டேன். உண்மையில் வீட்டில் மூன்று மாதமாக இதே பேச்சுதான். அதனால் திருச்சுழி, அருப்புக்கோட்டை, விருதுநகர் மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களில் பலருக்கும் இந்த யோசனை இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

திருச்சுழி என் அம்மா பிறந்த ஊர். ரமணர் 1879-இல் பிறந்ததும் அங்கேதான். விடியற்காலையில் திருமேனிநாதர் கோயில் வாசலில் நின்றால், இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும். பத்து மணி வெயிலில் அந்த எண்ணம் கொஞ்சம் தளரும். சற்றுப் பெரிய வேலை எதுவானாலும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும்.

மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும், 2011 கணக்கெடுப்பில் அருப்புக்கோட்டை நகராட்சிதான் பெரியது. இங்கே சுமார் 87,000 பேர், அங்கே 72,000. தறிச் சத்தம், மல்லிகைப்பூ, நால்வழிச் சாலையில் ஐம்பது கிலோமீட்டரில் மதுரை. வாடகையோ ஏறக்குறைய நம் மெயின்டனன்ஸ் தொகைதான்!

ஆனால் கரிசல் பூமி. குடிநீர் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் வர வேண்டும். வீடு பார்க்கப் போன இடத்தில் அறை எத்தனை என்று நான் கேட்கவில்லை, தொட்டி எவ்வளவு பெரிது என்றுதான் கேட்டேன். வீட்டுக்கார அம்மா சொன்னார்: "தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் வெளியூர் போயிராதீங்க சார்." 2019 கோடையில் நாமும் லாரிக்காக வாசலில் காத்து நின்றவர்கள்தானே, அதனால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

என் மனைவி கேட்டது வேறு. எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா எங்கே போறது?" அந்தக் கேள்விக்கு விருதுநகர்தான் முன்னே நிற்கிறது. 2022-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து அங்கே போக இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. ரயிலும் அப்படித்தான். அருப்புக்கோட்டை வழியாக அகலப்பாதை 2013-இல் வந்தும் வண்டிகள் குறைவு. விருதுநகரோ மதுரை–நெல்லை பிரதான பாதையில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க நினைத்தால் எந்த இரவும் சென்னைக்கு வண்டி ஏறலாம். போதாததற்கு எண்ணெய் பரோட்டா வேறு! அதை என் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மனசு அருப்புக்கோட்டை என்கிறது, நெஞ்சு விருதுநகர் என்கிறது. ஃப்ளாட்டை விற்பதற்கு முன் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அருப்புக்கோட்டையில் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மார்கழியில் போய்ப் பார்த்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். அந்த இரண்டு மாதமும் எங்கள் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் தேவை. பி பிளாக் நண்பரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.