முழக்கத்தில் மூழ்கிய குரல்

ஞாயிறு காலை. பறை முழங்குகிறது! போருக்கு அழைக்கும் பறையல்ல. பிரார்த்தனைக்கு அழைக்கும் பறை. பதினேழாம் நூற்றாண்டிலே, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் குடியேற்றத்திலே, ஆலயமணி இல்லாத ஊர்களில் பறையடித்துத்தான் மக்களை அழைத்தார்கள்.

வெளியே பனி, உள்ளே கணப்பு கிடையாது. ஆடவர் ஒருபுறம், பெண்டிர் மறுபுறம். மணற்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து மணிக்கணக்கில் பேசுவார் போதகர். (எம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்குப் பொறாமை தரும் ஏற்பாடு!) கண்ணயர்ந்தால் கோல்கொண்டு தட்டி எழுப்ப ஓர் அலுவலர். வராதவருக்குத் தண்டம். கிறிஸ்துமஸ் கொண்டாடினாலும் தண்டம், 5 ஷில்லிங்! வேதத்தில் இல்லாத விழாவாம். 1659-இல் சட்டமே செய்தார்கள்.

யார் இவர்கள்? கொடுங்கோலனின் ஏவலர்களா? அல்லர்! கொண்ட கொள்கையைக் கைவிட மனமின்றி, தாயகமாம் இங்கிலாந்தைத் துறந்து, 1630-இல் ஜான் வின்த்ராப் தலைமையில் அலைகடல் கடந்த தூய்மைவாதிகள். குருமாரின் வெள்ளை அங்கிக்கு வேதத்திலே ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள். பேராயர்களைத் தாக்கி எழுதிய குற்றத்துக்காக, 1637-இல் லண்டனிலே இந்தக் கொள்கையினர் மூவரின் காதுகளை ஊரார் காண அறுத்தார்கள். அந்தக் காதுகளை நினைவில் வையுங்கள், நண்பர்களே!

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாதது பண்பல்ல. காடு திருத்தி ஏழாண்டு ஆவதற்குள், 1636-இல், ஹார்வர்டு கல்லூரிக்கு வித்திட்டார்கள். 50 குடும்பம் உள்ள ஊரிலே எழுதப் படிக்கக் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமென்று 1647-இல் சட்டம் செய்தார்கள். வேதத்தை அவரவரே படிக்க வேண்டும் என்பது நோக்கம். படிக்கலாம், படித்துவிட்டுக் கேள்வி கேட்டால்?

கேட்டார் ஓர் அம்மையார். ஆன் ஹட்சின்சன் என்று பெயர். பேறுகாலத்தில் பெண்களுக்குத் துணை நின்ற மருத்துவச்சி. தம் இல்லத்திலே பெண்களைக் கூட்டி, போதகர் பேச்சை அலசினார். நாளடைவில் ஆடவரும் வந்தனர். வந்தது ஆபத்து! 1637 நவம்பரில் வழக்கு. குற்றம் சாட்டியவர் கவர்னர் வின்த்ராப். தீர்ப்புக் கூறியவரும் அவரே! நாடு கடத்தல் என்றார்கள். 1638 மார்ச்சில் சபையிலிருந்தும் விலக்கினார்கள். அவர் வெளியேறியபோது கூட்டத்திலிருந்து எழுந்து, கைகோத்து உடன் நடந்தார் ஓர் இளம்பெண். அவர்தான் மேரி டையர்.

ஆண்டுகள் உருண்டன. மேரி டையர் குவேக்கர் நெறியில் சேர்ந்தார். ஒவ்வொரு மனிதனின் உள்ளத்திலும் ஒளி உண்டு, இடையிலே குரு எதற்கு என்பது அவர்கள் வாதம். பொறுப்பார்களா பாஸ்டன் போதகர்கள்? நாடு கடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-இல் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு, பாஸ்டனில் குவேக்கர் மூவரின் வலக்காது அறுக்கப்பட்டது. லண்டன் கத்தி பாஸ்டன் வந்து சேர 21 ஆண்டுகள்!

1659 அக்டோபர் 27. மேரியும் ஆடவர் இருவரும் தூக்குமரம் நோக்கி நடத்தப்பட்டனர். மக்களிடம் பேச வாய் திறந்தனர். முழங்கிற்று பறை! ஒரு சொல்லும் எவர் செவியிலும் விழக்கூடாதே! ஆடவர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மேரியின் கழுத்திலே கயிற்றை மாட்டிய பிறகு, பிழைத்துப் போ என்று துரத்தினார்கள்.

அடுத்த ஆண்டே திரும்பி வந்தார், அந்தக் கொடுஞ்சட்டத்தை நீக்கக் கோரி. ஊர் திரும்புவதாக ஒப்புக்கொண்டால் உயிர் உண்டு என்றார்கள். மறுத்தார். 1660 ஜூன் 1-ஆம் நாள் மீண்டும் பறை. அம்முறை கயிறு கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

1661-இல் இன்னொருவரும் தூக்கிலே மாண்ட பிறகு, இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் இந்தத் தண்டனைகளை நிறுத்தச் சொல்லி ஆணை அனுப்பினான். எந்த முடியாட்சிக்குத் தப்பி ஓடினார்களோ, அந்த முடியாட்சியிடமிருந்து! கொண்டுவந்தவர் யார்? மாசாசூசெட்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த சாமுவேல் ஷாட்டக் என்ற குவேக்கர். எவர் முன்னும் தொப்பி கழற்றாதவர்கள் குவேக்கர்கள். கவர்னர் எண்டிகாட் அவர் தொப்பியைப் பறிக்கச் சொன்னார். மன்னனின் ஆணையைக் கண்டதும், அதைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டுத் தம் தொப்பியைக் கழற்றினார் என்பர்.