எழுதி வைக்க வேண்டிய மாத்தளை



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மாத்தளை நகரம். கண்டியிலிருந்து வடக்கே 26 கிலோமீற்றர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சுதுகங்கைக் கரையோரம் அமைந்த ஊர் இது. ஒரு மாவட்டத்தின் தலைநகர் என்று பெயர் பெற்றிருந்தாலும் சிறிய நகரந்தான். திருகோணமலை வீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பவர், தமக்குத் தெரிந்த பத்துப் பேரையாவது சந்திக்காமல் போவதில்லை.

காலையில் எல்கடுவ, இறத்தோட்டை, உக்குவளைப் பக்கங்களிலிருந்து பஸ்கள் வந்து சேரும்போதுதான் இந்நகரம் விழித்துக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்குவார்கள். மிளகும் கொக்கோவும் ஏலமும் மூட்டைகளாக வந்திறங்கும். தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் கடைகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். அன்று கடைக்காரர் முகத்திலும் ஒரு மலர்ச்சி இருக்கும். ஒரே கடை வாசலில் தமிழும் சிங்களமும் கலந்து பேரம் நடக்கும். பேசுகிறவர் எந்த இனத்தவர் என்பதை மொழியை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மாத்தளையின் சரித்திரத்தை எழுதுமாறு மாணவர்களிடம் சொன்னால், பெரும்பாலோர் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையே எழுதுவார்கள். அது நியாயமே. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலங்களும் சேனை நிலங்களும் முடிக்குரியவையாக்கப்பட்டு, கோப்பி பயிரிட வந்த துரைமாருக்கு விற்கப்பட்டன. பின்னர் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று வந்தன. ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. மக்கள் பொறுமை இழந்தனர். 1848 யூலை 28ஆம் திகதி புரன் அப்பு தலைமையில் வந்தவர்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். தம்புள்ளையில் மன்னனாக முடிசூடிய கொங்காலேகொட பண்டா நாடு கடத்தப்பட்டார்.

இவையெல்லாம் நூல்களில் உள்ளன. ஆனால் அதே கோப்பிக்காக, அதே காலத்தில், வேறொரு கூட்டம் இந்த ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் வாடியவர்கள் கங்காணிமாரின் பேச்சை நம்பித் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளை வரை 130 மைலுக்கு மேல் நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. தப்பிப் பிழைத்தவர்கள் கண்ட முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. அம்மையையும் பேதியையும் கண்டு அஞ்சி வந்த மக்கள் இவ்வூரில் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தது வியப்பன்று. இன்று மாசிமகத்தில் பஞ்சரதம் பவனி வரும் ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் 108 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அதன் அடியில் அந்த நடைப்பயணத்தின் அச்சமும் கிடக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும், அந்நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலியும் ஒரே கோப்பிச் செடியால் அல்லற்பட்டவர்கள். ஒருவர் கதையை விட்டுவிட்டு மற்றவர் கதையைச் சொன்னால், மாத்தளையின் கதை பாதியாகவே நிற்கும்.

1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1880இல் புகையிரதம் மாத்தளை வரை வந்தது. தேயிலை, கொக்கோ, றப்பர் என்று பயிர்கள் மாறின. உழைத்த மக்கள் மாறவில்லை. 1948இல் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிரஜாவுரிமை அற்றவர்களானார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பல குடும்பங்கள் தலைமன்னார் வழியே கப்பலேறின. 1983 யூலையில் நகரத்துத் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இவ்வாறு ஒவ்வொரு முறை குடும்பங்கள் பெயர்ந்தபோதும் அவர்களின் நினைவுகளும் சேர்ந்தே போயின. பாட்டி பாடிய தாலாட்டும், தாத்தா சொன்ன வழிநடைக் கதையும் எழுதப்படாமலே மறைந்தன.

இந்த இடத்தில் நமக்குப் பாடம் சொல்ல நகரத்துக்கு அருகிலேயே ஓரிடம் இருக்கிறது. வடக்கே சிறிது தூரத்தில் உள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. போரும் பஞ்சமும் ஓதுவோரைக் குறைத்துவிட்டன. மனனம் செய்தவர்கள் மறைந்தால் மறையும் மறையும் என்று துறவிகள் அஞ்சினர். ஆகவே எழுதி வைத்தனர். மதம் எதுவாயினும், அந்த அச்சம் நமக்கும் வரவேண்டிய அச்சமே.

எதுவுமே எழுதப்படவில்லை என்று நான் கூறவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். மாத்தளையைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட சோமு, வடிவேலன், கார்த்திகேசு ஆகியோரும், மலரன்பனும் தோட்டத்து வாழ்வைச் சிறுகதையாகவும் நாவலாகவும் நாடகமாகவும் தந்தார்கள். ஒரு சிறு நகரம் இத்தனை எழுத்தாளரைத் தந்தது பெருமைக்குரியது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் இவ்வூரில் நிறைவுற்ற அந்த நடை, பழைய பாதையைப் புதிய தலைமுறைக்குக் காட்டிற்று.

எனினும் எழுத்தாளர் சிலர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலையன்று இது. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் பதிந்தார்கள்? அவர்கள் பாடிய பாட்டில் ஏதாவது நினைவிருக்கிறதா? கிடைக்கும் விடையை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதி, திகதியையும் இட்டு வைத்தால் போதும். பேச்சுத் தமிழாயிற்றே என்று திருத்த வேண்டாம். அந்தப் பேச்சே சான்று. பக்கத்து வீட்டுச் சிங்கள, முஸ்லிம் முதியோரிடமும் கேட்டு எழுதினால் ஊரின் சரித்திரம் நிறைவுபெறும்.

அவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளிலும் லயத்து வாசல்களிலும் அமர்ந்திருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.