லிசேயில் படிக்கிற பொண்ணும் பீங்கான் சூளை தாத்தாவும்

போன எபிசோடுல லேஆஃப் பத்திப் பேசி எல்லாரையும் கொஞ்சம் பயமுறுத்திட்டேன். இன்னிக்கு வேலை பத்தி எதுவும் இல்லை. வீட்டுக் கதை, கூடவே ஒரு பள்ளிக்கூடத்தோட கதை.

என் ஊர் வேப்பூர்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். புதுசா கேக்குறவங்களுக்கு: சென்னையிலிருந்து திருச்சி பஸ்ல போறப்போ, கடலூர்-சேலம் ரோடு குறுக்க வெட்டுற இடம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். பக்கத்துல விருத்தாசலம். அங்க செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. வீட்டுல கொலு வைக்கிறவங்க பீங்கான் பொம்மை வாங்கியிருந்தா அது அங்கிருந்து வந்ததா இருக்க நிறையவே வாய்ப்பிருக்கு. என் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல அந்தப் பொம்மைகளோடதான் இருந்தாரு.

அவரோட பொண்ணு, அதாவது என் அக்கா, கட்டிக்கிட்டுப் போனது புதுச்சேரிக்கு. அக்கா பொண்ணு படிக்கிறது அங்க இருக்குற பிரெஞ்சு லிசேயில. வயசு பதினாறு. அவளைப் பத்தித்தான் இந்த எபிசோடு. பேரு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், அதனால "பாப்பா"ன்னே சொல்றேன். இதைக் கேட்டாலும் அவளுக்குக் கோவம்தான் வரும்.

முதல்ல ஒரு சின்ன சம்பவம். ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பா போன் பண்ணி, "ஆயா, கணக்குல பதினாலு வாங்கியிருக்கேன்"ன்னு சந்தோஷமா சொல்லியிருக்கா. பெரியம்மா போனை வெச்சுட்டு அழுதுட்டாங்க. நூத்துக்குப் பதினாலுன்னு நினைச்சிருக்காங்க. பிரெஞ்சுப் பள்ளியில மார்க் இருபதுக்கு. பத்து எடுத்தா பாஸ். பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரேயால சராசரி பன்னிரண்டு தாண்டினா 'பரவாயில்லை, நல்லா இருக்கு'ங்கிற மாதிரி ஒரு குறிப்பு, பதினாலுக்கு 'நன்று', பதினாறுக்கு 'மிக நன்று'. இருபதுக்கு இருபதுங்கிறது, நம்ம ஊர்ல சென்டம் வாங்கி பேனர் கட்டுற மாதிரி சாதாரணமா நடக்குற விஷயம் இல்லை. பதினாலு நல்ல மார்க்குன்னு பெரியம்மாவை நம்ப வைக்க ரெண்டு நாள் ஆச்சு. இப்பவும் முழுசா நம்புறாங்களான்னு தெரியலை.

வகுப்பு எண்ணும் அப்படித்தான். அங்க மேல போகப் போக எண் குறையும். ஆறாவது ரெண்டு பக்கமும் ஆறாவதுதான். நம்ம ஏழாவது அவங்களுக்கு அஞ்சு, எட்டாவது நாலு, ஒன்பதாவது மூணு. பத்தாவது ரெண்டு, பதினொண்ணு ஒண்ணு, பன்னிரண்டாவதுக்கு எண்ணே கிடையாது, 'தெர்மினால்'ன்னு பேரு. கோட் எழுதுறவங்க கவனிங்க: நம்ம வகுப்பையும் அவங்க வகுப்பையும் கூட்டினா எப்பவும் பன்னிரண்டு வரும். இதை நான் கண்டுபிடிச்சப்போ பாப்பாகிட்ட பெருமையா சொன்னேன். "எங்களுக்கு இது ஆறாவதுலயே தெரியும் மாமா"ன்னா.

இப்ப பள்ளிக்கூடம் பத்தி. புதுச்சேரி போயிருந்தீங்கன்னா, கடற்கரைக்குப் பக்கத்துல மஞ்சள் கட்டடங்கள் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்தப் பகுதியிலதான், விக்தோர் சிமோனேல் தெருவுல, இந்த லிசே இருக்கு. 1826-ல, தெபசான் தெ ரிஷ்மோன் ஆளுநரா இருந்தப்போ ஆரம்பிச்சது. 2026-ஓட இருநூறு வருஷம். தொடங்கினப்போ அது வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கான பள்ளி. நம்ம பிள்ளைங்களுக்கு கதவு அப்புறம்தான் திறந்துச்சு. 1877-ல கலவை சுப்பராயச் செட்டியார் தனியா ஒரு பள்ளி தொடங்கினாரு. மிஷன் வீதியில இன்னிக்கும் கலவைக் கல்லூரின்னு நிக்குது, அரசுப் பள்ளியா நடக்குது. பாரதிதாசன் படிச்சது அங்கதான். பிறகு அவரு பிரெஞ்சு அரசாங்கச் சம்பளத்துல தமிழாசிரியரா பல வருஷம் வேலை பார்த்தாரு. பிரெஞ்சுக்காரன் காசுல தமிழ் சொல்லிக் குடுத்தவர்னு நினைச்சுப் பார்த்தா எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுப் பள்ளி எப்படி இருக்குன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சதுண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு. ஒப்பந்தம் 1956-ல கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல தான் சட்டப்படி முடிஞ்சுது. அந்த ஒப்பந்தத்துலேயே இந்தப் பள்ளி பிரான்ஸ் பொறுப்புல தொடரும்னு எழுதிட்டாங்க. இன்னிக்கு பிரான்ஸ் வெளியுறவு அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற ஒரு முகமை இதை நேரடியா நடத்துது.

அதே ஒப்பந்தத்துல இன்னொரு விஷயமும் இருந்துச்சு. புதுச்சேரியில பிறந்து அங்கேயே வாழ்றவங்க, பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். குடுக்கலைன்னா தானா இந்தியக் குடிமகன். அக்கா வீட்டுக்காரரோட தாத்தா பிரெஞ்சுப் படையில இந்தோசீனா வரைக்கும் போயிட்டு வந்தவரு. புதுச்சேரியில அவங்களை 'சொல்தா'ன்னு சொல்லுவாங்க. அவரு எழுதிக் குடுத்துட்டாரு. அவரு தம்பிக்கு பாகூர் பக்கம் கொஞ்சம் நிலம். பிரெஞ்சுக்காரன்னு எழுதிக் குடுத்தா நிலத்தைப் பிடுங்கிடுவாங்கன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, போகலை. அவ்வளவுதான். ஒரு காகிதம். அண்ணன் பேரனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். பிள்ளைங்க லிசேயில, குடும்ப வருமானத்தைப் பொறுத்து பிரெஞ்சு அரசோட உதவித்தொகை. தம்பி பேரன் அதே ஊர்ல ஆட்டோ ஓட்டுறாரு. லிசேயில இந்தியக் குடும்பத்துப் பிள்ளைங்களும் சேரலாம், ஆனா அந்தக் கட்டணம் அவரால கட்ட முடியாது. ரெண்டு குடும்பமும் பொங்கலுக்கு ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவாங்க. யாரும் இதைப் பத்திப் பேசினது இல்லை. நான் ஒருதடவை பேச்செடுத்தப்போ அக்கா மேசைக்கு அடியில என் காலை மிதிச்சா.

சரி, பாப்பா விஷயத்துக்கு வர்றேன்.

பாக்கலோரேயால 2021-லிருந்து ஒரு புதுத் தேர்வு சேர்த்திருக்காங்க. பேரு 'கிராந்த் ஓரல்', பெரிய வாய்மொழித் தேர்வு. மாணவர் தன் சிறப்புப் பாடங்களை ஒட்டி ரெண்டு கேள்வியைத் தானே தயார் பண்ணி வெச்சிருக்கணும். தேர்வன்னிக்கு அதுல ஒண்ணை நடுவர்கள் எடுப்பாங்க. இருபது நிமிஷம் தயாரிப்பு, பத்து நிமிஷம் நின்னு பேசணும், அடுத்த பத்து நிமிஷம் அவங்க குடைவாங்க. நடுவர் ரெண்டு பேர். ஒருத்தர் அந்தப் பாடம் தெரிஞ்சவர், இன்னொருத்தர் வேற பாடத்துக்காரர். எனக்கு இந்த ரெண்டாவது ஆள்தான் பிடிச்சிருக்கு. தெரியாத ஆளுக்குப் புரிய வைக்கிறியான்னு பார்க்குறாங்க. பதினேழு, பதினெட்டு வயசுல என்னை யாராவது இப்படி நிக்க வெச்சிருந்தா நான் மயக்கம் போட்டிருப்பேன். நாங்க ஒரு மார்க் கேள்விக்கு புத்தகத்துப் பின்னாடி பார்த்து மனப்பாடம் பண்ண ஆளுங்க.

பாப்பாவுக்கு அது அடுத்த வருஷம்தான். ஆனா இப்பவே ஒரு கேள்வி தேர்ந்தெடுத்துட்டா: பீங்கான் சூளையில ஏன் வெடிக்குது? சின்ன வயசுல லீவுக்கு வர்றப்பல்லாம் தாத்தா உடைஞ்ச பொம்மை கொண்டுவந்து குடுப்பாரு, அந்த ஞாபகம். போன மாசம் லீவுக்கு வேப்பூர் வந்தப்போ நானும் ஊர்ல இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, வெளியில சந்தை ஆடுங்க சத்தம். கூடத்துல எங்களை வரிசையா உக்கார வெச்சு பத்து நிமிஷம் பிரெஞ்சுல பேசினா. பெரியப்பா கையில வாட்ச். நேரம் பார்க்கிறது அவரு பொறுப்பு. சரியா பத்தாவது நிமிஷம் "போதும்"ன்னாரு. பெரியம்மா கை தட்டினாங்க.

அப்புறம் பெரியப்பா சாதாரணமா கேட்டாரு: "என்னா சொன்ன?"

பாப்பா ஆரம்பிச்சா. "தாத்தா, களிமண்ணுல... அந்த, தண்ணி போயிடும், அப்புறம் குவார்ட்ஸ் வந்து..." நின்னுட்டா. திரும்பவும் ஆரம்பிச்சா. திரும்பவும் நின்னா. "எனக்கு இதெல்லாம் தமிழ்ல தெரியாது தாத்தா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அவ தமிழ் தெரியாத பிள்ளை இல்லை. லிசேயில தமிழும் ஒரு மொழியா படிக்கிறா, பாக்கலோரேயாவுலயே தமிழை மொழிப்பாடமா எடுக்கலாம். கதை எழுதுவா. என்னைவிட பிழையில்லாம எழுதுவா. ஆனா அவளுக்கு வேதியியல் பிரெஞ்சுல மட்டும்தான் வந்திருக்கு.

எனக்கு அப்ப என்ன ஞாபகம் வந்துச்சுன்னா, என் இன்ஜினியரிங் முதல் வருஷம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முடுக்கம் தெரியும், உந்தம் தெரியும், நிலைமம் தெரியும். கிளாஸ்ல வாத்தியார் ஆக்சிலரேஷன், மொமெண்டம், இனர்ஷியான்னு போய்க்கிட்டே இருக்காரு. தெரிஞ்ச விஷயத்தைத்தான் சொல்றாருன்னு எனக்குத் தெரியவே ஒரு மாசம் ஆச்சு. ஒரு செமஸ்டர் முழுக்க வாயே திறக்கலை. ஊமைன்னு ஒரு பட்டப்பேர் கூட இருந்துச்சு. இப்ப பாட்காஸ்ட் பண்றேன், அது வேற. அன்னிக்கு நான் நின்ன சுவத்துக்கு அந்தப் பக்கம் பாப்பா நிக்கிறான்னு தோணுச்சு.

சாயந்திரம் நோட்டு ஒண்ணு எடுத்து மூணு பத்தியா கோடு போட்டோம். ஒண்ணுல பிரெஞ்சு, ஒண்ணுல புத்தகத் தமிழ், மூணாவதுல பெரியப்பா சொல்றது. மூணாவது பத்திதான் சீக்கிரம் நிறைஞ்சுது. மண்ணைத் தண்ணியில கரைச்சுக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் அச்சுல ஊத்துறது, அச்சு தண்ணியை உறிஞ்சி, ஓரமா மண் ஒட்டுனதும் மிச்சக் கூழைக் கவுத்து எடுக்கிறது, காய வைக்கிறது, ஒருதடவை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுறது. ஒவ்வொண்ணுக்கும் அவரு ஒரு காரணம் வெச்சிருந்தாரு. "ஆறுறதுக்கு முன்னாடி கதவைத் தொறந்தா எல்லாம் போச்சு, ராத்திரி முழுக்கக் காவல் இருப்போம்"ன்னாரு. பாப்பா துள்ளிட்டா. குவார்ட்ஸ் 573 டிகிரியில ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும், ஆறுறப்போ திரும்பி வரும், அப்ப கனஅளவு சட்டுனு மாறும். வேகமா ஆறினா பாத்திரம் தாங்காது. அவ பிரெஞ்சுல மூணு நிமிஷம் பேசினது இதைத்தான். பெரியப்பா அந்த எண்ணைக் கேட்டுட்டு, "ஐநூத்தி எழுபத்து மூணா? அவ்ளோ கரெக்டாவா?"ன்னு ரெண்டுதடவை கேட்டாரு. முப்பது வருஷம் நெருப்பு நிறத்தைப் பார்த்தே முடிவு பண்ணவரு.

அப்புறம் அவரு ஒண்ணு கேட்டாரு. "சூளையில வெடிக்கிறது சரி. சூளையிலேர்ந்து நல்லா வந்த பொம்மை, அலமாரியில வெச்சு பத்து நாள் கழிச்சு தானா 'டிங்'குன்னு சத்தம் போட்டு மேல மயிர் மாதிரி கோடு விழுதே, அது ஏன்?"

பாப்பாகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து தேடிப் படிச்சோம். மேல இருக்கிற கிளேஸ் கீழ இருக்கிற மண்ணைவிட அதிகமா சுருங்கினா, இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பாவே இருக்கும். மண்ணுல நுண்துளைகள் இருந்தா காத்துல இருக்கிற ஈரத்தை மெதுவா உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பும். அந்தக் கொஞ்சம் போதும், கிளேஸ் விட்டுக்குடுத்துடும். காலையில பாப்பா இதை தாத்தாகிட்ட சொன்னா. தமிழ்ல. நோட்டைப் பார்த்துப் பார்த்து, நடுவுல ரெண்டு பிரெஞ்சு வார்த்தை நழுவினாலும், முழுசா. அவரு கேட்டுட்டு, "அதான் மழைக்காலத்துல ஜாஸ்தி வருதா"ன்னாரு. இது எந்தப் பக்கத்துலயும் நாங்க படிக்கலை. பாப்பா எழுதி வெச்சுக்கிட்டா.

இப்ப அவ கேள்வியையே மாத்திட்டா. சூளையில வெடிக்கிறது இல்லை, சூளையை விட்டு வந்த பிறகு ஏன் வெடிக்குதுங்கிறதுதான் புதுக் கேள்வி. பள்ளியில ஒத்துக்குவாங்களான்னு இனிமேதான் தெரியும். அக்காவுக்கு பழசே நல்லாருந்துச்சுன்னு கருத்து. "நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தா, நீயும் அப்பாவும் சேந்து கெடுத்துட்டீங்க"ன்னு எனக்குத் திட்டு.

கிளம்புற அன்னிக்கு பெரியப்பா பரண்ல ஏறி (ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு) ரெண்டு பொம்மை எடுத்துக் குடுத்தாரு. ரெண்டும் ஒரே அச்சு, ஒரே சூளை. ஒண்ணு மேல வலை மாதிரி கோடு, இன்னொண்ணு வழுவழுன்னு இருக்கு. வழுவழுப்பானது எப்ப டிங்குங்குதுன்னு பார்த்துச் சொல்லணும்னு உத்தரவு. கூட்டு ரோட்டுல பஸ் ஏறினப்போ பாப்பா பையை மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்தா. நேத்து மெசேஜ் பண்ணியிருந்தா: இன்னும் சத்தம் வரலையாம்.

அந்த மூணு பத்தி நோட்டோட போட்டோ எபிசோடு பக்கத்துல போட்டிருக்கேன். விருத்தாசலம் பக்கம் செராமிக் வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டீங்கன்னா, மூணாவது பத்தியில விட்டுப்போன வார்த்தைகளை எழுதி அனுப்புங்க, பாப்பா சேர்த்துக்குவா. அடுத்த வாரம் பார்க்கலாம்.