உப்பின் வழியே ஊட்டம்

உடலுக்கு ஊட்டமளிப்பதோடு நில்லாமல், ஒரு நோயைத் தடுக்கவோ ஓர் உறுப்பின் இயக்கத்தைச் சீராக்கவோ துணைபுரியும் உணவைச் ‘செயற்பாட்டு உணவு’ என்று ஊட்டவியலார் குறிப்பிடுகின்றனர். 1980-களில் ஜப்பானில் வழக்கிற்கு வந்த இப்பெயரைத் தாங்கி, நகரங்களின் பெருங்கடைகளில் விலையுயர்ந்த பானங்களும் சத்துமாவுகளும் இன்று அடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் இந்தியாவில் மிகப் பெரும்பாலான குடும்பங்களைச் சென்றடைந்த செயற்பாட்டு உணவு இவற்றுள் எதுவுமன்று. அயோடின் கலந்த சமையல் உப்பே அது. கறாராகப் பார்த்தால் அதனைச் செறிவூட்டிய உணவு என்றே கூறவேண்டும் என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் பணி ஒன்றே.

வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம் மட்டுமே. மழையும் பனியாறுகளும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிட்ட இமயமலை அடிவாரத்தில், விளைபொருள்களிலும் அது அருகிக் காணப்படுகிறது. குறைபாடு முன்கழுத்துக் கழலையாக வெளிப்படும். கழலையாவது கண்ணுக்குப் புலனாகிறது. புலனாகாத கேடு அதனினும் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிடில் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் எத்துணைப் பாலும் பருப்பும் ஊட்டினாலும் அவ்விழப்பை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

இதற்கு உப்பே தக்க ஊர்தி என்பதை மெய்ப்பித்தது, அந்நாளில் பஞ்சாபைச் சேர்ந்திருந்த காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வு. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரு பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்த கழலையின் அளவு, 1962-க்குள் முதலிரு பகுதிகளில் பாதியாகவும் அதனினும் குறைவாகவும் சரிந்தது. மூன்றாம் பகுதியில் அது குறையவே இல்லை. ஒப்பீட்டிற்காக அப்பகுதி மக்கள் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் மறத்தற்கில்லை. அதன்பின் அவர்களுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது.

1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் உருவாயிற்று. உற்பத்தி பொதுத்துறையின் கையிலேயே இருந்தமையால் இருபது ஆண்டுகள் அது மெல்ல நகர்ந்தது. 1983-இல் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்ற முடிவு 1984-இல் எடுக்கப்பட்டது. அயோடின் சேராத உணவு உப்பின் விற்பனைக்கு 1997-இல் மைய அரசு விதித்த தடை, மக்களின் தெரிவுக்கு விடவேண்டும் என்ற வாதத்தின் பேரில் 2000-இல் விலக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இத்தயக்கத்தின் விலையைப் புள்ளிவிவரமே கூறும். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் 1998-99-இல் 49 விழுக்காடு. 2005-06-இல் 51 விழுக்காடு. ஏழாண்டுகளில் கிட்டிய முன்னேற்றம் இவ்வளவே!

கணக்கு எளியது. உற்பத்தி நிலையில் பத்து லட்சத்தில் 30 பங்கும், நுகர்வோர் கையில் 15 பங்கும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்போருக்கு 15 பங்கே 150 மைக்ரோகிராமைத் தந்துவிடும். ஆனால் இரத்த அழுத்தத்தைக் கருதி உப்பை 5 கிராமுக்குள் நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை வெற்றி பெறுமாயின் அதே உப்பு பாதித் தேவையையே நிறைவு செய்யும். அப்போது கலப்பின் அளவை உயர்த்தவேண்டியிருக்கும்; இரு திட்டங்களின் அதிகாரிகளும் சேர்ந்தமர்ந்து தீர்க்கவேண்டிய கணக்கு இது.

2018-19-இல் நடந்த நாடளாவிய அயோடின் கணக்கெடுப்பில் 76 விழுக்காட்டுக் குடும்பங்களிடமே போதிய அயோடின் உள்ள உப்பு காணப்பட்டது. உப்பு விளையும் தமிழ்நாடு அதில் கடைசி இடத்தில் நின்றது. வியப்புக்குரியதெனினும் காரணம் தெளிவு. உப்பளத்தின் அருகே வாழ்வோர்க்குச் சாக்கில் வரும் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. தூள் உப்பில் சீராகக் கலக்கும் பொட்டாசியம் அயோடேட், கல் உப்பில் மேற்பரப்பிலேயே படிகிறது. ஈரம் பட்டால் வடிந்துவிடுகிறது. சிறு உற்பத்தியாளரிடம் அதனைச் சீராகத் தெளிக்கும் கருவியும் இருப்பதில்லை. போதாக்குறைக்குக் கல் உப்பைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. களப்பணியாளரின் பையிலுள்ள சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் அயோடின் உப்பு நீலமாகும். கழுவிய கல் உப்பு பெரும்பாலும் வெண்மையாகவே நிற்கிறது.