விருந்தினர் இறங்கும் விமானத்தளம்



2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளின் போர் விமானங்கள் வந்து இறங்கின. 'தரங் சக்தி' என்னும் கூட்டுப் பயிற்சியின் முதற்பகுதி அது. நம் நாட்டுத் தேஜஸ் விமானங்களோடு அவை வானில் பறந்து பழகின. சில நாட்களில் பயிற்சி முடிந்தது, வந்தவர் சென்றனர். அந்த வாரத்தில் என் வகுப்பு மாணவர் ஒருவர், "ஐயா, அயல்நாட்டுப் படை நம் மண்ணில் இறங்குவது நன்றா, தீதா?" என்று கேட்டார். விருதுநகரில் வரலாறு கற்பிக்கும் எனக்கு, நம் வட்டாரத்துச் சொல் ஒன்றே அப்போது நினைவுக்கு வந்தது. 'உள்குத்தகை' என்பதே அச்சொல்.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு ஆலை நடத்த உரிமம் வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பனவெல்லாம் விதிகளில் உண்டு. அவற்றுக்கு உரிமதாரரே பொறுப்பு. ஆனால் சிலர் உரிமத்தைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு, அறைகளை வேறு பலருக்கு வாடகைக்கு விட்டுவிடுகின்றனர். சட்டம் அதனை அனுமதிக்கவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட விபத்தின்போதும் இந்த உள்குத்தகை பற்றிப் பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை மற்றொருவர் கையிலும் இருக்குமானால், தீ எழும்போது பதில் சொல்ல யாரைத் தேடுவது?

விமானத்தளத்தைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும். மண் யாருடையது என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கிருந்து எழும் விமானத்துக்கு ஆணையிடுபவர் யார்? எத்தனை நாளைக்கு? எதிரி திருப்பி அடித்தால் அடி விழுவது யார் தலையில்?

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கடலைத் தாண்டினால் இலங்கையின் திருகோணமலை; அதன் துறைமுகத்தை ஒட்டிச் சீனக்குடா. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் நம் நாட்டு விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்கு ஆளாயின. சென்னை நகரத்து மக்கள் பெட்டி படுக்கையோடு உள்நாட்டூர்களை நோக்கிப் பெயர்ந்தனர். ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையின் முறை வந்தது. துறைமுகமும் சீனக்குடாத் தளமும் தாக்குண்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தழிந்தது. 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது; அதில் மாண்டவர் ஏறத்தாழ முந்நூறு பேர்.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஜாவாவை ஜப்பானிடம் இழந்து தப்பி வந்த டச்சுக் கடற்படை விமானிகளைக் கொண்டு, 321 என்ற எண்ணுடைய படைப்பிரிவு சீனக்குடாவில் அமைக்கப்பட்டது. தம் நாடும் இல்லாமல், தாம் ஆண்ட நாடும் இல்லாமல், மூன்றாவது நாட்டு மண்ணிலிருந்து அவர்கள் கடலைக் காவல் புரிந்தனர்.

பின்னர் 1944இல் அமெரிக்கர் வந்தனர். அவர்களுடைய பி-29 என்னும் பெருவிமானங்கள் வங்காளத்துக் கரக்பூரைச் சுற்றிய தளங்களில் இருந்தன. சுமத்ராவில் ஜப்பானியர் வசமிருந்த பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்க வேண்டும். வங்காளத்திலிருந்து அது எட்டாத தூரம். எனவே சீனக்குடாவின் ஓடுதளத்தை 7,200 அடியாக்கினர். ஆகஸ்டு 10ஆம் நாள் 54 விமானங்கள் புறப்பட்டன. போய்வர 3,800 மைலுக்கு மேல். எரிபொருளே சுமையாகிவிட்டதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் குண்டுகளையே சுமக்க முடிந்தது. இலக்கை அடைந்தவை 39. அவற்றுள் எட்டு விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளை இட்டன. இவ்வளவு பாடுபட்டும் ஆலைக்கு ஏற்பட்ட சேதம் சிறிதே.

எண்ணிப் பாருங்கள்! தளம் பிரிட்டிஷாருடையது, விமானம் அமெரிக்கருடையது, இலக்கு டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவில், அதை வைத்திருந்தவர் ஜப்பானியர். இத்தனை பெயர்களுக்கிடையே திருகோணமலை மக்களின் பெயர் எங்கே? அவர்களை யாரும் கேட்கவில்லை. நம்மையுந்தான் கேட்கவில்லை. 1939இல் இந்தியாவைப் போரில் சேர்த்ததாக வைசிராய் அறிவித்தபோது நம் தலைவர்களைக் கலந்து பேசவில்லை. சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது அதனால்தான்.

இலங்கை 1948இல் விடுதலை பெற்றது. ஆனால் அதற்கு முன்பே, 1947 நவம்பரில், பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகி இருந்தது. அதன்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரிட்டிஷ் படை தங்கியது. கொடி மாறிற்று, வாயிற்காவல் மாறவில்லை. 1956இல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டே சூயெஸ் நெருக்கடியும் வந்தது. பிறர் தொடுக்கும் போருக்கு நம் தளம் படிக்கட்டாகலாமா என்ற வினா இலங்கையிலும் எழுந்தது. 1957இல் தளங்கள் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. துப்பாக்கி வெடிக்காமல், பேச்சாலேயே முடிந்த காரியம் அது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். அயல்நாட்டுத் தளம் எதுவும் நம் மண்ணில் இருக்கக் கூடாது என்பது விடுதலை பெற்ற நாள்முதல் நமது கொள்கை. அந்தக் கொள்கைக்குச் சோதனை 1962இல் வந்தது. சீனப்போரின் நெருக்கடியில் நேரு அமெரிக்காவிடம் விமானப்படை உதவி கோரினார். மறுஆண்டு நவம்பரில் 'சிக்ஷா' என்ற பயிற்சிக்காக அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்கள் இங்கு வந்தன. அதைப் பலர் ஐயத்தோடு நோக்கினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அன்னியரை அனுப்பிப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன! ஆனால் பயிற்சி முடிந்ததும் விமானங்கள் திரும்பிவிட்டன.

சிங்கப்பூரின் கதை வேறு. அச்சிறிய தீவில் போர் விமானம் எழுந்து திரும்புவதற்குள் வான்வெளி தீர்ந்துவிடும். ஆகவே கரக்பூருக்கு அருகில், முன்பு அமெரிக்கர் பயன்படுத்திய களைகுண்டா தளத்தில், அந்நாட்டு விமானப்படை பயிற்சி பெற 2007இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஆயிற்று. 2012இல் அது புதுப்பிக்கப்பட்டது. அங்கே தளத்தின் ஆணை நம் விமானப்படையிடம். காலமும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இதை உள்குத்தகை என்று சொல்ல முடியாது. வாசல் திறப்பவரும் நாம், பூட்டுபவரும் நாம். சூலூருக்கும் அப்படியே. என் மாணவருக்கு நான் சொன்ன விடையும் இதுதான். எனினும், ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்று அவரிடம் சேர்த்துச் சொன்னேன்.

அவர் எளிதில் விடவில்லை. "நாம் வேறொருவர் மண்ணில் குத்தகைக்கு இருந்தால்?" என்றார். நல்ல கேள்வி. சீனக்குடா ஓடுதளத்துக்கு அருகில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் ஆன உடன்பாட்டின்படி அவற்றுள் 14 நம் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 61 இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு. 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. அவை போர்த்தளவாடங்கள் அல்ல, வாணிகத்துக்கானவை. ஆயினும் திருகோணமலை மக்கள் நம்மை நோக்கி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. குத்தகைக் காலம் ஐம்பது ஆண்டுகள். அது முடியும்போது, இப்பேச்சைக் கேட்கும் உங்களுள் பலர் பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள்.