பழைய கதையைப் புதிதாகச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பட்டு நெய்கிற கைகளால் பலமாகத் தட்டுகிற காஞ்சிபுரத்துப் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பாட்டி சொன்ன கதையை மாற்றி எழுதினால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள்" என்றார். ஐயா, எந்தப் பாட்டி ஒரே கதையை இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னாள்? (சிரிப்பு)

அகலிகையை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் அவள் கல்லாகவில்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றே உணவாகச் சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள். அப்படியானால் கம்பன் நம்மைக் கெடுத்துவிட்டானா? (கைதட்டல்)

1943-இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். சாபம் நீங்கி எழுந்த அகலிகையிடம், வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். ராமனா அப்படிக் கேட்டான் என்று அகலிகை துடித்துப்போகிறாள். கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள்.

இந்தக் கதையை என் மாணவர்களைப் படிக்கச் சொன்னேன். ஒரு பையன், "ராமனைக் குறைச்சுப் பேசுற மாதிரி இருக்குங்க ஐயா, மனசு கஷ்டமாயிருக்கு" என்றான். ஒரு பெண், "திரும்பக் கல்லானா அது தோல்விதானே? எழுந்து நடந்து போயிருக்க வேண்டாமா?" என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு பெண் எழுந்தாள். "ஐயா, எங்க அக்கா வேலை முடிஞ்சு வர லேட்டானா, அப்பாவுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனா தெருவுக்குப் பதில் சொல்லணுமேன்னு அக்காவை நிறுத்திக் கேட்பார். அக்கா அன்னிக்கு ராத்திரி யாரோடயும் பேச மாட்டா."

வகுப்பே அமைதியாகிவிட்டது. ஊருக்கு நிரூபிக்கத்தானே சீதையும் தீயில் இறங்கினாள்! ஆயிரம் அறிவுரை சொல்லாததை ஒரு சிறுகதை அந்தப் பெண்ணைச் சொல்ல வைத்தது.

இன்னொன்றும் நடந்தது. மனசு கஷ்டப்பட்டானே அந்தப் பையன், அவன் நூலகத்தில் கம்பராமாயணம் எடுத்துக்கொண்டு போனான். ராமன் என்னதான் சொன்னான் என்று அவனே பார்க்க வேண்டுமாம். கெட்டுப்போகிற பிள்ளை செய்கிற காரியமா இது? (பலத்த கைதட்டல்)

வடமொழிக் கந்தபுராணத்தைத் தமிழில் புதிதாகச் சொன்னவர் இந்த ஊர்க் கச்சியப்ப சிவாச்சாரியார். குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, முதல் சொல்லிலேயே சபையில் ஒருவர் தடை எழுப்பினார் என்பார்கள். அந்த முதலடி முருகனே எடுத்துக் கொடுத்ததாம்! முருகன் சொல்லையே கேள்வி கேட்ட சபை இருந்த ஊரய்யா இது. நூலும் நின்றது, கேள்வியும் நின்றது.

கோர்வைப் புடவை உங்களுக்குத் தெரியாததா? உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டு நிறமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுதான் அதன் பலம். பழைய கதையும் புதுக் கதையும் அப்படித்தான். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். படித்துவிட்டு உங்கள் மகள் கேள்வி கேட்டால், தெருவைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.